தளபதியின் உடைந்த பல்

“பல்லைக் கழற்றுங்கப்பா” என்று மகள் மறுபடியும் கெஞ்சினாள்.

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பல்செட் போட்ட நாளிலிருந்து அதைக் கழற்றிய வாயோடு அவரை யாரும் பார்த்ததில்லை. கட்டின மனைவி பார்த்திருக்கிறாள், அதுவும் விளக்கை அணைத்த பிறகு. அப்படிப்பட்ட மனுஷரிடம் பட்டப்பகலில், தலைமாட்டில் ஒரு மைக்கை நட்டுவைத்துக்கொண்டு, கழற்று கழற்று என்றால் எப்படி?

படுக்கையறையே அன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடமாகியிருந்தது. தெருச் சத்தம் நுழையாமலிருக்க ஜன்னலில் இரண்டு கம்பளிகள் தொங்கின. மின்விசிறியை நிறுத்தியதில் மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது. பதிவுக் கருவி கட்டிலை ஒட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தது. அம்மா தண்ணீர்க் கிண்ணத்தோடு தயாராக நின்றாள், பல்லை வாங்கிப் போட.

“தளபதிக்குப் பல்லு இருக்கக்கூடாதுன்னு உங்க படக் கதையில எழுதியிருக்கா?” என்றார் அப்பா.

“பல்லோட அடிச்சா சுத்தமா வருதுப்பா. சுத்தமா வேணும்னா நான் புல்லாங்குழல்காரரையே கூப்பிட்டுக்க மாட்டேனா?”

அம்மா கிண்ணத்தை நீட்டினாள். “கொடுங்க. உங்ககிட்ட புதுசா எதைப் பாக்கப்போறா?”

அந்தத் தளபதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொந்த ராஜாவே காட்டிக்கொடுத்ததில் கோட்டை வாசலில் வெட்டுப்பட்டுச் செத்தவன் அவன். செத்தவன் செத்த மாதிரி இருந்தானா என்றால், இல்லை. முன்னூறு வருஷமாக, கோட்டைக்கு ஆபத்து வரும்போதெல்லாம் எழுந்து வந்து ஒரு விசில் அடிப்பான். சுவரையெல்லாம் ஊடுருவிக்கொண்டு அவன் குதிரை பாய்ந்து வரும். அப்புறம் என்ன, வெட்டு, குத்து, தீ, புகை. படம் முடிய எத்தனை தலை உருளும் என்பது இயக்குநருக்கே நிச்சயமில்லை.

அந்தப் படத்துக்கு இசை, மகள். வீட்டில் அவளை எல்லோரும் இசைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சோப்பு விளம்பரங்களும் இரண்டு சின்னப் படங்களும் செய்திருந்தவளுக்குத் தப்பித்தவறிக் கிடைத்த முதல் பெரிய படம். போருக்கு முரசும் கோட்டைக்குக் கோரஸும் ராஜாவின் துரோகத்துக்குத் தனியாக ஒரு வயலினும் எல்லாம் மளமளவென்று அமைந்துவிட்டன. விசில் மட்டும் அமையவில்லை. ஊரிலுள்ள விசில் கலைஞர்களையெல்லாம் வரவழைத்துப் பார்த்தாள். ஒருவர் அடித்ததில் குருவி தெரிந்தது, இன்னொருவர் அடித்ததில் பிரஷர் குக்கர் தெரிந்தது. பேய் மட்டும் தெரியவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அப்பா குளியலறையில் பல்லைக் கழுவிக்கொண்டே விசில் அடித்தார். நாலே நாலு சுரம். மூன்றாவது சுரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் கீழே சறுக்கிவிட்டு, என்னவோ ஞாபகம் வந்த மாதிரி மேலே ஏறியது. மகளுக்குப் பின்கழுத்து மயிர் குத்திட்டு நின்றது. பிறந்ததிலிருந்து கேட்ட விசில்தான். பல்செட் வந்த பிறகு சறுக்கல் போய்விட்டது. சறுக்கல் போனதை அந்த வீட்டில் அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். யாரையும் திட்டியதில்லை. கற்றுக்கொள்கிறவர் ஒன்றைச் சரியாகச் செய்தால் அந்த நாலு சுரம், தப்பாகச் செய்தால் மௌனம். அந்த மௌனத்துக்குப் பயந்தே ஊரில் பாதிப் பேர் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். விசில் மாஸ்டர் என்றால்தான் ஆட்டோக்காரருக்கே வீடு தெரியும். வண்டியில் ஏறியதும் “கண்ணாடி, சீட்டு, பிரேக்கு” என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் சாவியைத் தொட விடுவார். சொந்த மகள் முதல் பாடத்தில் மூன்றையும் அழகாகச் சொல்லிவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் மானத்தை வாங்கினார்.

பல் போன கதை அதற்கெல்லாம் முந்தியது. தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு பெண் கற்றுக்கொள்ள வந்தாள். காலி மைதானத்தில், “லேசா பிரேக்கைத் தொடு” என்றார் மாஸ்டர். அவள் தொட்ட தொடலில் மாஸ்டரின் வாய் டேஷ்போர்டில் போய் மோதி, முன்பல் பாதி உடைந்து விழுந்தது. அதுவரை நேராக இருந்த விசிலில் மூன்றாவது சுரம் சறுக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அந்தப் பெண்தான் அம்மா. அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. மாஸ்டர் அவளைக் கல்யாணத்துக்கு முன்னும் சரி பின்னும் சரி “பிரேக்கு” என்றுதான் கூப்பிட்டார்.

ஆக, படத்தில் தளபதி உதட்டைக் குவிக்கும்போதெல்லாம் கேட்பது அப்பாவின் விசில். இருதயம் இனி அதிக நாள் தாங்காது, சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு அவருக்கு இதுதான் சந்தோஷம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், எனக்குப் பேய் வேஷம், குதிரை கூட இருக்கு என்று பெருமையடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. கடைசிக் காட்சியில் தளபதி சாபம் தீர்ந்து, ஆற்றங்கரையில் நமக்கு முதுகைக் காட்டியபடி நிற்பான். அங்கே கடைசி விசில். எழுந்து நடமாடிய வரையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் அடித்துக் கொடுத்ததெல்லாம் போர்முனைக் கூப்பாடு, அவசர விசில்கள். அவற்றை வெட்டி ஒட்டி இதைச் செய்ய முடியாது. இது நீளமாக, அவசரமில்லாமல் வேண்டும். இரண்டு நாளில் எல்லா ஒலியையும் படத்தோடு சேர்க்கும் மிக்சிங். அது வராவிட்டால் புல்லாங்குழலை வைத்து முடித்துவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

ஒருவழியாக அப்பா பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். மகள் பட்டனை அமுக்கினாள். அப்பா உதட்டைக் குவித்தார். கிண்ணத்துக்குள்ளிருந்து தன் பல்லே தன்னைப் பார்த்து இளிப்பது அவர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். சிரித்துக்கொண்டு விசில் அடிக்க எவனாலும் முடியாது. மகள் பதிவை நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தபோது அம்மா சிரிப்பை அடக்கியதில் கிண்ணம் ஆடியது. மறுபடி நிறுத்தினாள். அம்மாவைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். அவள் முதுகு குலுங்கியதைப் பார்த்து அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அறையில் அத்தனை சிரிப்பைப் பல மாதங்களாக யாரும் கேட்கவில்லை.

பிறகு, யாரும் சொல்லாமலே, அப்பா கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

முதல் இரண்டு சுரமும் தெருமுனை வரை நடந்து போய் நின்ற மாதிரி இருந்தன. மூன்றாவது சறுக்கியது, சறுக்கிய இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தது, பிறகு நிதானமாக எழுந்து நாலாவதில் கரைந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“வந்துச்சா?” என்றார் அப்பா, மூச்சு வாங்க.

மகள் கருவியைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. கடைசியாகச் சிரித்தபோது நிறுத்தியவள், கண்ணைத் துடைத்தவள், மறுபடி அமுக்க மறந்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, ஆனாலும் பரீட்சையில் பாஸான பிள்ளையின் களை.

“வந்துச்சுப்பா. அருமையா வந்துச்சு.”

சாயங்காலம், ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கம்பளிகளை அவிழ்த்தாள். அப்பா பல்லை மாட்டிக்கொண்டு டீ கேட்டார். “இன்னைக்கு சர்க்கரை போட்டே கொடு, பிரேக்கு. பேய்க்கெல்லாம் சுகர் ஏறாது.” அம்மா போட்டே கொடுத்தாள். அறைக்குள் இரண்டு பேரும் என்னவோ குசுகுசுவென்று பேசிச் சிரிப்பது கூடத்தில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த மகளுக்குக் கேட்டது.

மதியம் சாப்பாட்டுக்கு எழுப்பப் போன அம்மா அலறவில்லை. “இசைக்காரி, இங்க கொஞ்சம் வா” என்றாள். அந்தக் குரலிலேயே மகளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். டீ டம்ளரில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

மகள் அழுதாள். அப்பா போய்விட்டார் என்றுதான் முதலில் அழுதாள். அப்புறம், அவரிடம் கடைசியாகச் சொன்னது ஒரு பொய் என்பது நினைவுக்கு வந்ததும் அழுகை நிற்கவே இல்லை. அந்த விசில் இனி உலகத்தில் எங்கேயும் கிடையாது. அதைத் தொலைத்தது அவள் விரல்.

மறுநாள் காலையில் தெருவைப் பார்க்க வேண்டுமே! வந்த அத்தனை பேரும் மாஸ்டரின் மாணவர்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் ரிவர்ஸில் வந்து, ஓரம் உரசாமல், சொல்லிவைத்த மாதிரி ஒரே கோட்டில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்தவர்கள் முதலில் அடக்கமாகத்தான் இருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர், தான் முதல் நாளே தபால் பெட்டியில் மோதியதைச் சொன்னார். உடனே நீதிபதி அம்மா ஒருத்தி, தான் மூன்று மாதம் ரிவர்ஸ் கியரையே கண்டுபிடிக்காததைச் சொன்னாள். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரு பாட்டம் அழுவதும் ஒரு கதையைக் கேட்டுச் சிரிப்பதும் மறுபடி அழுவதுமாக இருந்தாள்.

இயக்குநரும் வந்தார், கூடவே புல்லாங்குழல்காரரும். இயக்குநர் நல்ல மனுஷர். மகளைத் தாழ்வாரத்துக்குத் தனியாகக் கூப்பிட்டு, மிக்சிங்குக்கு அவள் வர வேண்டாம், நேற்று எடுத்ததை மட்டும் அனுப்பினால் போதும், தாங்களே சேர்த்துக்கொள்கிறோம் என்றார். அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சரி, விடுங்க. புல்லாங்குழல் வெச்சுக்கலாம். யாருக்கும் தெரியப்போறதில்ல.”

“எனக்குத் தெரியுமே” என்றாள் மகள்.

அதற்குள் கூடத்தில் புல்லாங்குழல்காரர் மாஸ்டரின் கால்மாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மாதமாக அந்த விசிலுக்குப் பின்னால் வாசித்தவர், மரியாதை செய்ய நினைத்தார். நாலு சுரத்தையும் மெதுவாக வாசித்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

காலையிலிருந்து தலை நிமிராமல் இருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“மூணாவது அது இல்ல.”

புல்லாங்குழல்காரர் பதறிப்போய், மன்னிக்கணும்மா என்று கொஞ்சம் வளைத்து வாசித்தார்.

“இன்னும் சறுக்கணும்.”

வாசித்தார்.

“இப்ப ரொம்பச் சறுக்கிட்டீங்க. அவரு விழல, சறுக்கினாரு.”

மூலையிலிருந்து ஆம்புலன்ஸ்காரர், இப்படித்தானேம்மா என்று அடித்துக் காட்டினார். அது பால்காரர் விசில் என்று அம்மா தள்ளிவிட்டாள். இன்னொருவர் அடித்தார். நீதிபதி அம்மா உதட்டைக் குவித்தாள், வெறும் காற்றுதான் வந்தது. அதைக் கேட்டு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் அடக்க முடியவில்லை. ஆளாளுக்கு, எனக்கு ஞாபகம் இருக்கு, இல்ல எனக்குத்தான் இருக்கு என்று ஆரம்பித்துக் கூடம் முழுக்க விசில். கதவருகே வந்த ஒரு பெரியவர், வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போய் வாசல் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தரையாக, தப்பு, தப்பு, கிட்ட வந்துட்டீங்க ஆனா தப்பு என்று கழித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிய, முகம் சிரித்தது.

“அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் எந்திரிச்சு உக்காந்திருப்பாரு” என்றாள் அத்தை.

மகளால் மட்டும் அதில் சேர முடியவில்லை. இத்தனை பேர் தேடுகிற அந்த ஒரு சுரத்தைக் கையில் வைத்திருந்து கோட்டைவிட்டவள் அவள். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து காதோடு சொன்னாள்.

“அம்மா, நேத்து அப்பா அடிச்சது பதிவாகலை. நான் பட்டனை அமுக்கல. வந்துச்சுன்னு பொய் சொல்லிட்டேன்.”

அம்மா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி வந்துவிட்டது என்று வாசலில் சொன்னார்கள்.

மாஸ்டரை ஏற்றிய வண்டியை ஓட்டியவரும் அவர் மாணவர்தான். குறுகலான வாசலிலிருந்து ரிவர்ஸில் எடுக்கும்போது அந்தத் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. எங்கும் உரசாமல் எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு ஒரு நொடி தயங்கினார், நாலு சுரத்துக்காகக் காத்த மாதிரி. பிறகு கியரை மாற்றிக்கொண்டு போனார்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அத்தை ஒரு மூலையில் அசந்து தூங்கிப்போனாள். அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

“உன் ரெக்கார்டர் பெட்டியை எடுத்துக்கிட்டு கொட்டகைக்கு வா.”

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் டிரைவிங் ஸ்கூலின் பழைய கார் நின்றது. மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் வைத்த கார். அம்மா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். மகள் மாஸ்டரின் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

“அவருக்குத் தெரியும்டி” என்றாள் அம்மா.

“என்ன தெரியும்?”

“சிவப்பு லைட்டு எரியலேன்னு. கண்ணைத் திறந்ததும் பாத்துட்டாரு. ஊரெல்லாம் வண்டி ஓட்டப் பழக்கினவரு, ஒரு லைட்டைப் பாக்க மாட்டாரா? டீ குடிக்கறப்ப சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. ‘அன்னைக்கு மாதிரியே ஸ்டார்ட் பண்ணாம ஸ்டியரிங்கைத் திருப்பறா பாரு. சாயங்காலம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கிட்டு வருவா. வந்தா இன்னொண்ணு அடிச்சுக் கொடுத்துடலாம், நீ காட்டிக்காதே’ன்னாரு.”

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள், அவசரப்படுத்தவில்லை.

“சரி, படத்துல கடைசியில என்னதான் ஆகுது?” என்றாள் சற்றுப் பொறுத்து.

மகள் சொன்னாள். சாபம் தீர்கிறது, தளபதி ஆற்றங்கரையில் நிற்கிறான், கடைசியாக ஒரு விசில் அடிக்கிறான், திரை இருள்கிறது.

“முன்னூறு வருஷமா அந்த ஆளே அடிச்சிட்டிருக்கான். ஒருத்தரும் திருப்பி அடிக்கவே இல்லையா?”

மகள் அம்மாவைப் பார்த்தாள். படத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பாள், இது தோன்றவே இல்லை. கடைசிக் காட்சியில் தளபதியின் முதுகுதானே தெரிகிறது? விசில் அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று என்ன கட்டாயம்? எதிர்க்கரையிலிருந்து வரட்டும். அவன் கேட்டுக்கொண்டு நிற்கட்டும்.

“யாரும்மா அடிக்கிறது?”

“கண்ணாடியை ஏத்து” என்றாள் அம்மா.

“உனக்கு விசில் வருமா?”

“அவரைப் பழிச்சுக் காட்டத்தான் கத்துக்கிட்டேன். பல்லு முழுசா இருக்கிற வாயில அந்தச் சறுக்கல் சுலபமா வருமா? கீழுதட்டை ஒரு பக்கமா மடிக்கணும். நீ வயித்துல இருக்கறப்பவே பழகிட்டேன். சமையலறையில குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா விட்டிருப்பாரா? வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அடிச்சுக் காட்டச் சொல்லியிருப்பாரு.”

மகள் கண்ணாடிகளை ஏற்றினாள். வெளியே காக்கைச் சத்தமும் அண்டை வீட்டுப் பாத்திரச் சத்தமும் அடங்கின. பழைய சீட்டில் அப்பாவின் தலை எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. மைக்கை அம்மாவின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அம்மா நேராக உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணாடி, சீட்டு, பிரேக்கு” என்றாள் அம்மா, மாணவியின் குரலில்.

“பட்டன்” என்றாள் மகள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அம்மா கீழுதட்டை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு அடித்தாள். அப்பாவின் விசிலைவிட மெல்லியது, மூச்சு கொஞ்சம் கலந்தது. முதல் சுரம், இரண்டாவது. மூன்றாவது அதே இடத்தில் சறுக்கியது, ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கேயே கொஞ்சம் தங்கிவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து யாரோ இதோ வந்துட்டேன் என்று சொல்கிற மாதிரி மேலே ஏறி முடிந்தது.

மகள் அசையவில்லை. மூச்சுச் சத்தம்கூடப் பதிவாகிவிடக் கூடாது என்று கண்ணை மட்டும் உயர்த்தி, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள். காருக்குப் பின்னால், மங்கலான கொட்டகைச் சுவர் முழுக்கப் பின்விளக்கின் சிவப்பு விழுந்திருந்தது. அம்மாவின் வலது கால் பிரேக்கை அடிவரை அமுக்கியிருந்தது.

விசில் நின்ற பிறகும் அவள் காலை எடுக்கவில்லை. மகளும் பதிவை நிறுத்தவில்லை.